முதலில் பயிரைப் படி

அன்புள்ள தம்பி,

சாஸ்கச்சுவானில் விவசாய இயந்திரம் விற்கிற கடையொன்று உனக்கு வேலை தருவதாக எழுதியிருக்கிறது என்றும், நீ போகத்தான் போகிறாய் என்றும் அக்கா அழாத குறையாகச் சொன்னா. என்னைக் கொண்டு உன்னை மறிக்கலாம் என்பது அவவின் எண்ணம். நான் மறிக்கப்போவதில்லை. இதே மாகாணத்தில் கம்பைனும் ட்ராக்டரும் திருத்திப் பிள்ளைகளை வளர்த்த நான், உனக்கு வேண்டாம் என்று எந்த முகத்தோடு சொல்வது? ஆனால் போன கிழமை நீ கேட்ட கேள்விகள் எல்லாம் சம்பளம், வீட்டு வாடகை, இன்டர்நெட் வேகம் என்றே இருந்தன. அதையெல்லாம் கடைக்காரனே சொல்லுவான். அவன் சொல்லாததை நான் எழுதுகிறேன். போனில் சொன்னால் "ஓம் மாமா, ஓம் மாமா" என்றுவிட்டு நீ வேறெதையோ பார்த்துக்கொண்டிருப்பாய்.

நீ கைகாரன். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. டீசல் என்ஜின் ஒன்றின் சத்தத்தைக் கேட்டே எந்த இன்ஜெக்டர் என்று சொல்லக்கூடியவன். ஆனால் நீ இருக்கிற ஸ்காபரோவில் ஒரு லொறி நின்றால் கொம்பனி இன்னொரு லொறியை அனுப்பும். இங்கே செப்டெம்பரில் ஒரு கம்பைன் நின்றால் அந்தக் குடும்பத்தின் ஒரு வருடம் நடு வயலில் நிற்கிறது. மே மாதம் விதைத்து, ஓகஸ்ட் நடுவில் தொடங்கி, ஒக்டோபரில் ஸ்நோ விழ முன்னம் எல்லாவற்றையும் வெட்டி ஏற்ற வேண்டும். கோதுமையில் ஈரம் 14.5 வீதத்துக்கு மேல் இருந்தால் அது காய்ந்த தானியம் என்ற கணக்கில் வராது. கனோலாவுக்கு 10 வீதம். காலையில் பனி காயும் வரைக்கும் வயலில் இறங்க ஏலாது. பின்னேரம் வெளிக்கிட்டால் நடுச்சாமம் தாண்டி, வைக்கோல் பதமாகிற வரைக்கும் வெட்டுவார்கள். நாளைக்கு மழை என்று ரேடியோ சொல்லும். அந்த நேரம் பார்த்துத்தான் ஒரு பெயரிங் கத்தத் தொடங்கும்.

பெயரிங்கின் விலை சில நூறு டொலர். அதை மாற்ற எடுக்கிற மூன்று மணித்தியாலத்தின் விலையை யாராலும் சொல்ல முடியாது. நனைந்த கோதுமை கதிரிலேயே முளைவிட்டால், ரொட்டிக்குப் போக இருந்தது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். அப்படியொரு பின்னேரம் ஒரு மனிசன் உன்னைப் பார்த்துக் கத்துவான். பேசாமல் கேட்டுக்கொண்டு வேலையைப் பார். அவன் கத்துவது மேகத்தைப் பார்த்து. நீ குறுக்கே நிற்கிறாய், அவ்வளவுதான்.

அதனால் இயந்திரத்தைப் படிக்க முன்னம் பயிரைப் படி. நான் உனக்குச் சொல்ல நினைக்கிற பெரிய விஷயம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருவது.

பருப்பை எடுத்துக்கொள். அம்மா தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சுகிற அதே மைசூர்ப் பருப்பு. உலகத்தில் ஆகக் கூடுதலாகப் பருப்பு ஏற்றுமதி செய்கிற நாடு கனடா. அதில் மிகப் பெரும் பங்கு இந்த மாகாணத்தில் விளைகிறது. ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன்னம் இங்கே அதைப் பயிரிட்டவர்கள் அருமை. சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தில் அல் ஸ்லின்கார்ட் என்ற விஞ்ஞானி 1978இல் லேயர்ட் என்ற பச்சைப் பருப்பு இனத்தைக் கொண்டுவந்த பிறகுதான் அது பரவியது. சிவப்பு பிறகு சேர்ந்துகொண்டது. அந்தச் செடி முழங்கால் உயரம்கூட வராது. அடிக்காய் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அதை விடாமல் வெட்ட வேண்டுமென்றால் கத்தி மண்ணை உரசிக்கொண்டே ஓட வேண்டும். இந்த மண்ணோ கல்லு மண். விதைத்த கையோடு பெரிய இரும்பு உருளையை இழுத்துக் கல்லையெல்லாம் நிலத்துக்குள் அமத்திவிடுவார்கள். தப்பிய கல்லொன்று கம்பைனுக்குள் போனால் அன்றைக்கு உனக்கு இரவு வேலை.

இதெல்லாம் தெரியாத மெக்கானிக், "பருப்பு உடைஞ்சு வருது" என்று யாரும் கூப்பிட்டால் கருவிப் பெட்டியைத் திறப்பான். தெரிந்தவன் முதலில் தொட்டியில் கையைவிட்டு ஒரு பிடி அள்ளிப் பார்ப்பான். பிறகு பின்பக்கம் போய் நிலத்தில் எவ்வளவு கொட்டுப்பட்டிருக்கிறது என்று குந்தியிருந்து பார்ப்பான். பாதி நேரம் அங்கே பழுதே இராது. முதல் நாள் கோதுமை வெட்டிய வேகத்திலேயே ரோட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். வேகத்தைக் குறைத்து, ரோட்டருக்குக் கீழே உள்ள கொன்கேவைக் கொஞ்சம் அகலவிட்டால் பருப்பு முழுசாக வரும். ஸ்பானரைத் தொடாமல் பிரச்சினையைத் தீர்த்துவிட்டுப் போனவனின் நம்பரைத்தான் விவசாயி சுவரில் எழுதி வைப்பான்.

இந்தப் பருப்பால் எனக்கு இன்னொரு உத்தியோகமும் கிடைத்தது. 2017 டிசெம்பரில் இந்தியா பருப்புக்கு 30 வீத இறக்குமதி வரி போட்டது. அந்த மாரி முழுக்கக் கோப்பி மேசையில் என்னைப் பிடித்து, "உன்ர அரசாங்கம் ஏன் இப்படிச் செய்யுது?" என்று கேட்டார்கள். நான் யாழ்ப்பாணத்தான், டெல்லியை நான் கண்டதும் இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. கடைசியில் செய்தியைப் படித்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லத் தொடங்கினேன். இப்போதும் வரி கூடினால் குறைந்தால் என்னைத்தான் கேட்பார்கள்.

கோப்பி மேசை என்று சொன்னேனே, அது என்ன என்று கேட்பாய். ஊரில் ஒரு கபே இருக்கும், இல்லாவிட்டால் பெற்றோல் செட்டின் ஒரு மூலை, அல்லது ஐஸ் விளையாட்டு அரங்கின் முன்பக்கம். காலையிலும் பின்னேரமும் ஒரு ஐந்தாறு பேர் கூடுவார்கள். யாரும் உன்னை வா என்று கூப்பிடமாட்டார்கள். வராதே என்றும் சொல்லமாட்டார்கள். போய் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார். முதல் மாதங்களில் வாயைத் திறக்காதே. மழை எத்தனை மில்லிமீற்றர், யாருடைய நிலம் விலைக்கு வருகிறது, எந்தக் கடையில் பார்ட்ஸ் கிடைக்க எத்தனை நாள் என்று எல்லாம் அங்கேதான் தெரியவரும். அதோடு, எந்த மெக்கானிக் எந்த வீட்டில் என்ன பிழை விட்டான் என்பதும். நீ விடுகிற பிழை நீ வீடு வந்து சேர முன்னம் அங்கே போயிருக்கும். நல்லது மெதுவாகப் போகும், ஆனால் போகும்.

வழி கேட்டால் உனக்குத் தலை சுற்றும். இந்தச் சமவெளியைச் சதுரம் சதுரமாக அளந்திருக்கிறார்கள். ஒரு செக்‌ஷன் என்றால் ஒரு மைல் நீளம், ஒரு மைல் அகலம், 640 ஏக்கர். 1872ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதில் கால்வாசி, அதாவது 160 ஏக்கரை, 10 டொலர் கட்டணத்தோடு குடியேறியவர்களுக்குக் கொடுத்தார்கள். அதற்கு முன்னம் இது கிறீ, சோட்டோ, அசினிபொயின் மக்களின் நிலம். 1874லும் 1876லும் ஒப்பந்தம் எழுதி, அவர்களை ரிசேர்வ் என்ற துண்டுகளுக்குள் ஒதுக்கினார்கள். கோப்பி மேசையில் இந்தக் கதை அவ்வளவாக வராது. நீ தேடித் தெரிந்துகொள். காணி பறிபோன கதை எங்களுக்கு விளங்காத கதையில்லை. ரிசேர்விலும் உனக்கு வாடிக்கையாளர் இருப்பார்கள்.

வழிக்கு வருகிறேன். இன்றைக்கு எல்லா வீட்டுக்கும் இலக்கம் இருக்கிறது, போனில் வரைபடமும் இருக்கிறது. ஆனாலும் உனக்குச் சொல்லப்போவது, "பழைய இன்னாற்ற இடத்தால வடக்கே ரெண்டு மைல்" என்றுதான். அந்த இன்னார் செத்து நாற்பது வருடமாகியிருக்கும், வீடும் இராது, நாலு மரம் மட்டும் நிற்கும். அதை அறிந்துகொள்ள ஒரே வழி, ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா ட்ரக்கை எடுத்துக்கொண்டு சுற்றுவது. எதிரே வருகிற வாகனக்காரன் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவான். நீயும் தூக்கு. தெரிந்தவனா தெரியாதவனா என்று பார்க்காதே.

நேரம் பற்றி ஒன்று. எங்கட ஆட்களின் கலியாண வீட்டு நேரத்தை ஸ்காபரோவிலேயே விட்டுவிட்டு வா. வருகிறேன் என்று சொன்ன மணிக்குப் போ. முடியாது என்றால், அந்த மணி வர முன்னம் போன் எடுத்துச் சொல். பிந்தி வருகிறவனை மன்னிப்பார்கள், சொல்லாமல் பிந்துகிறவனை மன்னிக்கமாட்டார்கள். அவன் உனக்காகக் காத்திருந்த நேரத்தில் வேறு வயலில் வேறு கம்பைனை ஓட்டியிருப்பான் அல்லவா?

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் யாழ்ப்பாணத்தில் கொஞ்சம் பெற்றோலைத் துளியாக விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம் என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். இந்த ஊர்க் கிழவர்கள் சிரிக்கமாட்டார்கள். 1930களில் வரட்சியும் பஞ்சமும் வந்து பெற்றோல் வாங்கக் காசில்லாமல் போனபோது, அவர்களுடைய தகப்பன்மார் காரிலிருந்து என்ஜினைக் கழற்றிவிட்டுக் குதிரையைப் பூட்டி இழுத்தவர்கள். அப்போதைய பிரதமரின் பெயரால் அதற்குப் பெனட் பக்கி என்று பகிடியாகப் பெயர் வைத்தார்கள். மண்ணெண்ணெய்க் காரின் கதையைச் சொன்ன அன்றைக்குத்தான் கோப்பி மேசையில் எனக்கு முதன்முதல் ஒருவர் கோப்பிக்குக் காசு கட்டினார். இல்லாததை வைத்துச் சமாளிக்கிறவனை இந்த ஆட்களுக்குப் பிடிக்கும்.

அதேநேரம், இப்போதைய இயந்திரம் சமாளிப்புக்கு இடம்கொடுக்காது என்பதும் உனக்குத் தெரியும். புதுக் கம்பைன் ஒன்று பத்து லட்சம் டொலரைத் தொடுகிறது. ஒரு சென்சர் பிழைத்தால் மடிக்கணினியோடு கடையிலிருந்து ஆள் வரும்வரை நிற்கும். தாத்தா குதிரையைப் பூட்டிய இடத்தில் பேரன் ஒரு மென்பொருளுக்காகக் காத்திருக்கிறான். அவனுக்குக் கோபம் வராதா? 2024 நவம்பரில், திருத்துவதற்காக மென்பொருள் பூட்டை உடைக்கலாம் என்று கனடாவில் சட்டம் வந்தது. ஆனால் உடைப்பதற்கான கருவி கையில் வேண்டுமே. அதனால் மடிக்கணினியோடு போகிற ஆளாக நீ இருக்கப்போகிறாய். அந்தக் கோபம் உன் தலையில்தான் இறங்கும். கொம்பனிக்காக வாதாடாதே. அவனுக்கு எதிரே திரையைத் திருப்பிவைத்து, எந்த எண் என்ன சொல்கிறது என்று காட்டிக்கொண்டே வேலை செய்.

அக்காவுக்கு நீ வாசித்துக் காட்டக்கூடாத பகுதி இது. ஹைட்ரோலிக் குழாயில் ஊசித்துளை விழுந்தால் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாத நூலாகப் பாயும். எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்க்கவே கூடாது. அந்த அழுத்தத்தில் எண்ணெய் கையுறையையும் தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்த்தால் நுளம்பு கடித்தது போல ஒரு புள்ளி, பெரிதாக நோவும் இராது. ஆனால் சில மணித்தியாலத்துக்குள் சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரல் போகும், கையும் போகலாம். ஒரு துண்டு கார்ட்போர்டைப் பிடித்துப் பார். ஈரமாகிற இடம் தெரியும். ஆஸ்பத்திரி உனக்கு ஒரு மணித்தியாலத்துக்கு அப்பால் இருக்கலாம் என்பதையும் நினைவில் வை. கம்பைனின் முன்தலையைத் தூக்கினால் அதன் பூட்டுக் கட்டையைப் போடாமல் கீழே நுழையாதே. தானியத் தொட்டிக்குள் மேலிருந்து இறங்கச் சொன்னால், யார் சொன்னாலும் இறங்காதே. தொட்டியை வெறுமையாக்குகிற ஓகர் ஓடும்போது தானியம் புதைமணலைப் போல ஆளை இழுக்கும். இடுப்புவரை போனால் நாலு பேர் சேர்ந்து இழுத்தாலும் வராது. "அவசரம், ஒரு நிமிசம்தான்" என்பார்கள். அப்போது மட்டும் நீ பிடிவாதக்காரன் என்று பெயர் எடுத்தால் பரவாயில்லை.

இனி நீ கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது. ஓம், இருக்கிறது. ட்ரக்கிலிருந்து நான் இறங்கியதும், "வேறு ஆள் இல்லையா?" என்று கேட்டவர் ஒருவர் இருக்கிறார். அவர் இன்றைக்கும் என்னோடு முகம்கொடுத்துக் கதைப்பதில்லை. அவருடைய மகன் கடைக்குப் போன் எடுத்து என்னை அனுப்பச் சொல்கிறான். இதில் எதைப் பெரிதாக எடுப்பது என்பது உன்னுடைய விருப்பம். நான் மகனுடைய பில்லைப் பெரிதாக எடுத்தேன். "நீங்களும் உக்ரைனிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் வந்தவர்கள்தானே" என்று மட்டும் யாரோடும் வாதம் பண்ணாதே. வாதம் சரி, பலன் இல்லை.

ஆனால் பெரும்பாலானவர்கள் உன்னோடு அன்பாகத்தான் இருப்பார்கள். எனக்குக் கவலை அந்த அன்பைப் பற்றித்தான். இந்தச் சமவெளியில் ஊருக்கு ஊர் ஒரு சீனக் கபே இருந்தது, பலவற்றில் இன்னும் இருக்கிறது. அதை நடத்திய ஆட்களில் பலர் தலைவரி கட்டி வந்தவர்கள்; 1885இல் 50 டொலர், 1903இல் 500 டொலர். 1923இலிருந்து 1947 வரைக்கும் சீனர்கள் வரவே முடியாதபடி சட்டம் இருந்தது, அதனால் மனைவியும் பிள்ளைகளும் சீனாவிலேயே. இந்த மாகாணம் 1912இல், சீனர்களின் கடையில் வெள்ளைக்காரப் பெண்கள் வேலை செய்யக்கூடாது என்று சட்டம் போட்டது. மூஸ் ஜோவில் ரெஸ்ரொரன்ட் வைத்திருந்த குவோங் விங் என்பவர் அதற்கு எதிராக உச்ச நீதிமன்றம் வரை போய் 1914இல் தோற்றார். அப்படியிருந்தும் ஊரார் அந்தக் கபேக்களில் ஒவ்வொரு நாளும் சாப்பிட்டார்கள், அந்த மனிசர்களோடு பகிடி விட்டார்கள், கடனும் வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேரின் முழுப் பெயர் ஊரில் ஒருவருக்காவது தெரிந்திருந்தது? உன்னுடைய வேலை ஊருக்குத் தேவை என்பதால் காட்டுகிற அன்பு அந்த அளவோடு நின்றுவிடக்கூடும். அதற்கு மேலே போவதற்கான முயற்சியை நீதான் எடுக்க வேண்டும். முதலில் உன் பெயரைச் சுருக்க விடாதே. மூன்று தரம் சொல்லிக் கொடு, நாலாம் தரம் சொல்லுவார்கள்.

முயற்சி என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அறுவடை முடிந்ததும் ஊர் மண்டபத்தில் பொதுவிருந்து வைப்பார்கள். வான்கோழி, பெரோகி, கோவா இலையில் சுருட்டிய சோறு, பூசணிப் பை. டிக்கெட் வாங்கிக்கொண்டு போய்ச் சாப்பிட்டுவிட்டு வராதே. கதிரை அடுக்கப் போ, பாத்திரம் கழுவப் போ. உன் மாமி ஒரு வருடம் பருப்புக் கறி காய்ச்சிக்கொண்டு போனா. ஆயிரம் ஏக்கரில் சிவப்புப் பருப்பு விதைக்கிற ஒருவர் அதைக் கரண்டியால் கிளறிப் பார்த்துவிட்டு, இது என்ன என்று கேட்டார். உங்களுடையதுதான் என்றா மாமி. அந்த மனிசன் தன் வாழ்நாளில் அதை வாயில் வைத்ததில்லை. ஒரு வாய் சாப்பிட்டார். பிடித்ததென்று சொல்லமாட்டேன், உறைப்பில் கண் கலங்கியது. ஆனால் அடுத்த கிழமை ஒரு வாளி நிறையப் பருப்பைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். தீட்டாத பருப்பு, தோல் எடுக்க மாமி பட்ட பாடு வேறு கதை.

காசு விஷயம் கெதியாகச் சொல்கிறேன். கருவிகள் உன்னுடையவை, கடை தராது. கிழமைக்குக் கிழமை கருவி விற்கிற வான் வாசலுக்கு வந்து கடனுக்குத் தரும். முதல் வருடம் அந்தப் பெரிய மினுங்குகிற பெட்டியை வாங்காதே. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். நாலு வருட அப்ரென்டிஸ்ஷிப்பை முடித்து ரெட் சீல் எடு. அது எந்த மாகாணத்திலும் செல்லும், யாரும் உன் கையைச் சந்தேகிக்கவும் ஏலாது. சொந்தமாக சேர்விஸ் ட்ரக் போடுகிற ஆசை மூன்றாம் வருடம் வரும். அப்போது இதை நினை: விவசாயிக்குக் காசு வருவது இலையுதிர் காலத்தில், தானியம் விற்ற பிறகு. மே மாதம் நீ செய்த வேலைக்கு நவம்பரில் காசோலை வரும். அதுவரை டீசலுக்கும் பார்ட்ஸுக்கும் கையிலிருந்து போட உன்னிடம் இருக்கிறதா?

குளிரைப் பற்றி எல்லோரும் பயமுறுத்தியிருப்பார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. மைனஸ் 40 என்பது இங்கே செய்தியாகாது. ட்ரக்கின் என்ஜின் ஹீட்டரை இரவில் பிளக்கில் போட மறந்தால் காலையில் வேலை இல்லை. ட்ரக்கில் போர்வை, சவள், மெழுகுதிரி வைத்திரு; வழியில் மாட்டுப்பட்டால் இறங்கி நடக்காதே, உள்ளேயே இரு. ஆனால் ஆளை முறிப்பது குளிரில்லை. ஜனவரியில் வேலை ஐந்து மணிக்கு முடியும், கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும், வீட்டில் ஒருவரும் இரார். தமிழ் கதைக்க ஆளில்லாமல் நாள் கணக்கில் போகும். கோயில் இரண்டு மணித்தியால ஓட்டம். கேர்லிங் விளையாட்டுக்குப் பெயர் கொடு. வழுக்கி விழுவாய், எல்லோரும் சிரிப்பார்கள், இரண்டு கிழமையில் ஒரு குழுவில் இருப்பாய். இந்த ஊர்களிலிருந்து இரண்டாம் மாரிக்கு முன்னம் ஓடிப்போன மெக்கானிக்மார் நிறையப் பேர். அதனால்தான் முதல் வருடம் உன்னோடு ஆட்கள் அளவோடு பழகுவார்கள். நீ நிற்பாயா என்று பார்ப்பார்கள். நிற்கிற எண்ணம் இல்லையென்றால் அதையும் ஒளிக்காதே. மூன்று வருடம் என்று சொல்லிவிட்டு மூன்று வருடம் ஒழுங்காக நின்றவனுக்கும் மதிப்பு உண்டு.

கலியாணப் பேச்சுத்தான் அக்காவின் உண்மையான பயம் என்று எனக்குத் தெரியும். பொம்பிளை வீட்டார், "ரொறன்ரோவிலிருந்து எத்தனை மணித்தியாலம்?" என்றுதான் முதல் கேட்பார்கள். பிளேனில் மூன்றரை என்று சொல். காரில் எத்தனை நாள் என்று சொல்ல வேண்டாம்.

வேலைக் கடிதத்தில் கையெழுத்து வைக்க முன்னம் மூன்று விஷயத்தை எழுத்தில் கேட்டு வாங்கு: அறுவடைக்கால மேலதிக நேரச் சம்பளம் எப்படி, அப்ரென்டிஸ் வகுப்புக்குப் போகிற கிழமைகளில் வேலை இடம் காத்திருக்குமா, உன் கருவிகளுக்குக் காப்புறுதி யார் செய்வது. பதில் வந்ததும் எனக்குப் போன் எடு. இந்த மாகாணத்தில் மணிக்கூட்டை முன்னுக்கும் பின்னுக்கும் மாற்றுவதில்லை; கோடையில் எங்களுக்கும் உங்களுக்கும் இரண்டு மணித்தியால வித்தியாசம், மாரியில் ஒன்று. நீ வழமை போல அங்கே விடிய ஆறு மணிக்கு எடுத்தால், மாமிதான் எடுப்பா, நான் பொறுப்பில்லை.

அன்புடன்,
மாமா